எல்விஸ் பாடிய கன்ட்ரி: 1971 ஆல்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஆல்பம் இது?

எல்விஸ் பிரெஸ்லியின் 'எல்விஸ் கன்ட்ரி'. கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமத்து இசைக்காக அவர் போட்ட தட்டு. 1971 ஜனவரி 2 அன்று ஆர்.சி.ஏ. விக்டர் என்ற இசைத்தட்டுக் கம்பெனி வெளியிட்டது. வெளியான ஆறாம் நாள் அவருக்கு 36 வயது நிறைந்தது. இசைத்தட்டின் பக்கத்துக்கு ஆறு என மொத்தம் 12 பாட்டு. 'ஐயாம் 10,000 இயர்ஸ் ஓல்ட்' என்று ஒரு துணைத்தலைப்பும் உண்டு. ஏன் அந்தப் பத்தாயிரம் வருடக் கணக்கு என்று கேட்பவர்களுக்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

ராக் அண்ட் ரோல் ராஜாவுக்குக் கன்ட்ரியில் என்ன வேலை?

கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். கன்ட்ரி மேடையில் வளர்ந்த பையன்தான் பிறகு ராக் அண்ட் ரோலுக்கு ராஜா ஆனார்.

மிசிசிப்பியின் டூபெலோவில் 1935-இல் பிறந்தவர். பத்து வயதில், 1945-இல், ஊர்ச் சந்தைத் திடலில் நடந்த போட்டியில் முதன்முதலாக மேடையேறினார். பாடியது 'ஓல்ட் ஷெப்', செத்துப்போன நாயைப் பற்றி ரெட் ஃபோலி பாடிய கன்ட்ரிப் பாட்டு. 1948-இல் குடும்பம் மெம்ஃபிஸுக்குக் குடிபெயர்ந்தது. 1954 ஜூலையில் சன் ரெக்கார்ட்ஸ் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கம் கறுப்பினப் பாடகர் ஆர்தர் கிரடப்பின் ப்ளூஸ், 'தட்ஸ் ஆல் ரைட்'. மறுபக்கம் கன்ட்ரிப் பாடகர் பில் மன்ரோவின் 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி'. மன்ரோ அதை மூன்று தாளக் கணக்கில் வால்ட்ஸாகப் பாடியிருந்தார். எல்விஸ் நான்கு தாளத்துக்கு மாற்றி ஓடவிட்டார். மன்ரோ கோபித்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு தன் பாட்டை மறுபடி பதிவு செய்தபோது முதல் பாதியைப் பழைய வால்ட்ஸாகவும் பின்பாதியை வேகமாகவும் வைத்துக்கொண்டார்.

அந்த அக்டோபரில் எல்விஸ் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் ஒரே ஒரு முறை பாடினார். இரண்டு வாரத்தில் ஷ்ரீவ்போர்ட்டின் லூசியானா ஹேரைட் நிகழ்ச்சிக்குப் போனார். இரண்டுமே கன்ட்ரி இசைக்கான வானொலி மேடைகள். தேசிய அளவில் அவருக்கு முதலிடம் தேடித்தந்த முதல் பாட்டு, 'ஐ ஃபர்காட் டு ரிமெம்பர் டு ஃபர்கெட்', முதலிடம் பிடித்ததும் கன்ட்ரிப் பட்டியலில்தான்.

ஆகவே 1970-இல் அவர் புதிதாக எந்தத் துறைக்கும் தாவவில்லை. பதினைந்து ஆண்டுகளாகச் சினிமாப் பாட்டு, பாப், ராணுவ வேலை, லாஸ் வேகாஸ் என்று சுற்றியதில் இந்தப் பக்கம் முழுசாக ஒரு தட்டு போட நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

கன்ட்ரி இசை எனக்குத் தெரியாதே. புரியுமா?

புரியும். அமெரிக்கத் தெற்கின் வெள்ளைக்காரக் கிராமங்களில் பிடிலும் பேஞ்சோவும் கிடாருமாக வளர்ந்து, 1920-களில் இசைத்தட்டுக்கும் வானொலிக்கும் வந்து தொழிலான இசை அது. காதல் முறிவு, குடி, வீட்டு நினைவு, சாமி இவைதான் பாடுபொருள். வரிகள் நேரடியானவை, மெட்டு எளிது. பக்கத்து வயலில் கேட்ட கறுப்பின மக்களின் ப்ளூஸ் அதில் தொடக்கம் முதலே கலந்திருக்கிறது. இந்த ஆல்பத்தைக் கேட்க இந்தக் கடைசி விஷயம் மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

கன்ட்ரி ஆல்பம் ஒன்று போடுவோம் என்று திட்டமிட்டா பதிவு செய்தார்கள்?

இல்லை. இந்த ஆல்பத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

1970 ஜூன் 4 முதல் 8 வரை, நாஷ்வில்லில் ஆர்.சி.ஏ.வின் ஸ்டுடியோ பி. மாலையில் கூடி விடியும்வரை, ஐந்து இரவுகள். அந்த ஐந்தே இரவில் முப்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் பதிவாயின. சினிமாவுக்காகப் பாடிப் பாடி நொந்துபோன மனிதர் 1968 தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும், 1969 மெம்ஃபிஸ் பதிவுகளிலும், அதே ஆண்டு லாஸ் வேகாஸ் மேடையிலும் தன்னை மீட்டெடுத்திருந்தார். குரல் உச்சத்தில் இருந்தது. கம்பெனிக்கு வேண்டியதோ வழக்கமான சரக்கு: சில சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டுகள்), ஒரு ஆல்பம், முடிந்தால் இன்னொன்று. மேஜையில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் புதிய மெதுநடைக் காதல் பாட்டுகள்.

முதல் இரவிலேயே இடைவேளைகளில் எல்விஸ் வேறு பாதையில் போகத் தொடங்கினார். 'தி ஃபூல்', மன்ரோ குழுவின் 'லிட்டில் கேபின் ஆன் தி ஹில்' என்று பழைய பாட்டுகளைச் சும்மா எடுத்து விடுவார், வாத்தியக்காரர்கள் பின்னாலேயே ஓடிப் பிடிப்பார்கள், ஒலிநாடா சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கென்று முன்னேற்பாடான இசைக்குறிப்பு எதுவும் கிடையாது. 'தி ஃபூல்' அவர் ஜெர்மனியில் ராணுவத்தில் இருந்தபோது வீட்டு டேப் ரெக்கார்டரில் பாடி வைத்த பாட்டு. அதாவது பத்து வருடமாக வாயில் ஊறிக்கிடந்தது.

நான்காம் இரவு, ஜூன் 7, அணை உடைந்தது. 'ஐ ரியலி டோன்ட் வான்ட் டு நோ', 'ஃபேடட் லவ்', 'டுமாரோ நெவர் கம்ஸ்', 'மேக் தி வேர்ல்ட் கோ அவே', 'ஃபன்னி ஹவ் டைம் ஸ்லிப்ஸ் அவே', 'ஐ வாஷ்ட் மை ஹேண்ட்ஸ் இன் மடி வாட்டர்' ஆறும் ஒரே இரவில். அரை ஆல்பம்! மறுநாள் 'தேர் கோஸ் மை எவ்ரிதிங்'. தயாரிப்பாளர் ஃபெல்டன் ஜார்விஸ் கையில் இப்போது ஒரு கன்ட்ரி ஆல்பத்துக்கான சரக்கு கிட்டத்தட்ட முழுதாக இருந்தது. குறைந்ததை நிரப்ப செப்டம்பர் 22 அன்று மறுபடி கூடி 'ஸ்னோபேர்ட்', 'ஹோல் லாட்டா ஷேக்கின் கோயின் ஆன்' இரண்டையும் சேர்த்தார்கள்.

ஜூன் பதிவுகளில் மீதியை 1970 நவம்பரில் வந்த 'தட்ஸ் தி வே இட் இஸ்' ஆல்பத்திலும், 1971 ஜூனில் வந்த 'லவ் லெட்டர்ஸ் ஃப்ரம் எல்விஸ்' ஆல்பத்திலும் பிரித்துப் போட்டார்கள். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், யோசித்துப் போட்ட இரண்டைவிட யோசிக்காமல் விளைந்த இது ஒட்டும் உறவுமாக நிற்பது தெரியும். 'லவ் லெட்டர்ஸ்' மிச்சம் மீதியைக் கூட்டி அள்ளியது, மறைப்பதற்கில்லை.

யார் யார் வாசித்தார்கள்?

ஜூனில் முன்னணி கிடார் ஜேம்ஸ் பர்ட்டன். லாஸ் வேகாஸ் மேடையில் எல்விஸுடன் வாசித்த அதே பர்ட்டன். லூசியானாக்காரர், பதின்வயதிலேயே லூசியானா ஹேரைட் மேடையில் வாசித்தவர். ஆக, பாடகருக்கும் கிடார்காரருக்கும் பால பாடம் ஒரே இடத்தில். பேஸ் நார்பர்ட் புட்னம், டிரம்ஸ் ஜெரி கேரிகன், பியானோ டேவிட் பிரிக்ஸ். இந்த மூவரும் அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் சோல் என்ற கறுப்பின இசையின் பாடகர்களுக்கு வாசித்துக் கைபழகி, பிறகு நாஷ்வில்லுக்கு வந்தவர்கள். சார்லி மெக்காய் ஹார்மோனிகா, கூடவே ஆர்கனும். சிப் யங், சார்லி ஹாட்ஜ் துணைக் கிடார்கள்.

இந்தச் சேர்க்கைதான் ஆல்பத்தின் ரகசியம். பாட்டு கன்ட்ரி, அடித்தளம் மஸில் ஷோல்ஸ் தாளம், மேலே பர்ட்டனின் கூர்மையான டெலிகாஸ்டர் மின்கிடார். அன்றைய நாஷ்வில்லில் வழக்கமாக வந்துகொண்டிருந்த வழுவழுப்பான கன்ட்ரியோடு ஒப்பிட்டால், இது கொஞ்சம் சகதி ஒட்டிய சத்தம்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வேறொரு பாட்டு துண்டு துண்டாக வருகிறதே, என் பதிவில் கோளாறா?

கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்தது. 'ஐ வாஸ் பார்ன் அபௌட் டென் தௌசண்ட் இயர்ஸ் அகோ' என்ற பழைய வாய்மொழிப் பாட்டு அது. ஆதாம் ஏவாள் காலத்திலிருந்து எல்லாவற்றையும் நேரில் பார்த்தேன் என்று ஒருவன் அளந்துவிடும் புளுகுப் பாட்டு. ஜூன் 4 இரவு எல்விஸ் அதை ஒரு மூச்சில் பாடியிருந்தார். அதைத் துண்டாக்கி ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஒட்டி, அடுத்ததற்குப் பாலம் போட்டார்கள். துணைத்தலைப்பும் அங்கிருந்து வந்ததுதான். முழுப் பாட்டு 1972-இன் 'எல்விஸ் நவ்' ஆல்பத்தில் இருக்கிறது.

இதில் ரசிகர்கள் இரண்டு கட்சி. ஆல்பத்துக்கு ஒரு கோர்வை தருகிறது என்று ஒரு கட்சி, ஒவ்வொரு பாட்டின் வாலையும் வெட்டிவிட்டார்கள் என்று மறு கட்சி. நான் பாதிப் பாதி. முதல் பக்கத்தில் அந்த உற்சாகம் பிடிக்கிறது. இரண்டாம் பக்கத்தில் 'ஃபேடட் லவ்' சூடுபிடித்து நிற்கும்போது இந்தக் குறுக்கீடு எரிச்சல்தான்.

எல்லாமே மற்றவர்கள் பாடிய பழைய பாட்டுகளாமே?

ஏறக்குறைய அப்படித்தான், புதுசு என்று சொல்ல 'இட்ஸ் யுவர் பேபி, யூ ராக் இட்' ஒன்றுதான். ஆனால் தேர்வைக் கவனியுங்கள். கன்ட்ரியின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு கொப்பு ஒடித்திருக்கிறார்.

'லிட்டில் கேபின் ஆன் தி ஹில்' பில் மன்ரோவும் லெஸ்டர் ஃப்ளாட்டும் எழுதிய ப்ளூகிராஸ், அதாவது பேஞ்சோவும் பிடிலும் முன்னால் ஓடும் கன்ட்ரி வகை. 1954-இல் மன்ரோவை எடுத்தவர் 1970-லும் மன்ரோவிடம் போகிறார். 'ஃபேடட் லவ்' டெக்சஸ் பக்கத்து வெஸ்டர்ன் ஸ்விங், ஜாஸ் கலந்த ஆட்டக் கன்ட்ரி; பாப் வில்ஸும் குடும்பத்தாரும் ஆக்கியது, பிறகு பாட்ஸி கிளைன் பாடி உருக்கியது. 'டுமாரோ நெவர் கம்ஸ்' கன்ட்ரிப் பாடகர் எர்னஸ்ட் டப்பும் ஜானி பாண்டும் எழுதியது. 1954-இல் ஆப்ரியில் பாடிய அதே இரவு, டப் தன் இசைத்தட்டுக் கடையிலிருந்து நடத்திய நள்ளிரவு வானொலி நிகழ்ச்சியிலும் எல்விஸ் பாடியிருந்தார்.

'ஃபன்னி ஹவ் டைம் ஸ்லிப்ஸ் அவே' வில்லி நெல்சனுடையது. பாடகராகப் பேர் வாங்கும் முன்பே எழுதியது. 'மேக் தி வேர்ல்ட் கோ அவே' ஹாங்க் காக்ரன் எழுத, 1963-இல் ரே பிரைஸும் 1965-இல் எடி ஆர்னல்டும் பாடியது. 'ஐ ரியலி டோன்ட் வான்ட் டு நோ' பாட்டும் 1954-இல் ஆர்னல்டுக்குப் பேர் வாங்கித் தந்ததே. இந்த ஆர்னல்ட் யார் தெரியுமா? எல்விஸின் மேலாளர் டாம் பார்க்கர் அதற்கு முன் மேலாளராக இருந்தது இவருக்குத்தான்.

'தேர் கோஸ் மை எவ்ரிதிங்' டாலஸ் ஃப்ரேசியர் எழுதி 1966-இல் ஜாக் கிரீன் பாடியது. எல்விஸுக்கு அந்த மெட்டு விடவில்லை போலிருக்கிறது. 1971-இல் அதே மெட்டில் 'ஹி இஸ் மை எவ்ரிதிங்' என்ற பக்திப் பாட்டையும் பதிவு செய்தார். காதலியை இழந்தவன் பாடியது சாமிப் பாட்டாக மாற அங்கே பெரிய தூரம் இல்லை. 'ஸ்னோபேர்ட்' மட்டும் அப்போதுதான் வந்த சரக்கு. கனடாவின் ஜீன் மெக்லெல்லன் எழுதி, ஆன் மரே பாடி 1970-இல் ஓடிக்கொண்டிருந்தது.

எதில் தொடங்குவது?

'டுமாரோ நெவர் கம்ஸ்'. ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒரு சிறு டிரம் தட்டல், அதன்மேல் பேச்சுக்குரலில் ஆரம்பம். சுற்றுக்குச் சுற்று ஒரு படி மேலே. 'நாளைக்கு' என்று சொல்லி ஏமாற்றுபவளிடம் ஒருவன் கெஞ்சுகிறான், பிறகு குற்றம் சொல்கிறான், கடைசியில் குரல் உத்தரத்தை முட்டுகிறது. டப் இதைத் தோள் குலுக்கிவிட்டுப் போகிறவன் மாதிரி சாதாரணமாகப் பாடியிருப்பார். எல்விஸ் அதை நாடகமாக்குகிறார். மிகை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த மிகை வேண்டும்.

அடுத்து 'ஃபன்னி ஹவ் டைம் ஸ்லிப்ஸ் அவே'. பிரிந்த காதலியைத் தற்செயலாகப் பார்த்தவன் நலம் விசாரிக்கிறான், அவ்வளவுதான் பாட்டு. ஆனால் ஒவ்வொரு விசாரிப்பிலும் ஒரு முள் இருக்கிறது. எல்விஸ் இதை அவசரமே இல்லாமல், நள்ளிரவு ப்ளூஸாக இழுக்கிறார். பியானோ சொட்டுச் சொட்டாக விழுகிறது. கன்ட்ரி என்று அச்சடித்த அட்டைக்குள் இருப்பது முழு ப்ளூஸ் பாட்டு. இந்த ஆல்பத்தில் அவர் செய்தது என்ன என்று ஒரே பாட்டில் காட்டச் சொன்னால் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்: கன்ட்ரியின் வரிகளை எடுத்து, பக்கத்துத் தெருவில் கேட்டு வளர்ந்த ப்ளூஸின் மூச்சில் பாடுகிறார். சன் ரெக்கார்ட்ஸின் முதல் தட்டில் முன்பக்கமும் பின்பக்கமுமாகப் பிரிந்து கிடந்தவை இங்கே ஒரே பாட்டுக்குள் சேர்ந்துவிட்டன.

பிறகு 'ஃபேடட் லவ்'. பாப் வில்ஸிடம் பிடில் அழுத பாட்டு, இங்கே பர்ட்டனின் கிடார் கடித்துத் துப்புகிறது. 'மடி வாட்டர்' கட்டவிழ்ந்த ஆட்டம். பாட்டு முடிந்தும் யாருக்கும் நிறுத்த மனமில்லை என்பது கேட்டாலே தெரியும்.

ஜெரி லீ லூயிஸின் 'ஹோல் லாட்டா ஷேக்கின்' எப்படிக் கன்ட்ரி ஆகும்?

நியாயமான சந்தேகம். பிக் மேபெல் என்ற கறுப்பினப் பாடகி 1955-இல் பதிவு செய்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டு அது. ஆனால் 1957-இல் ஜெரி லீ பாடியபோது கன்ட்ரிப் பட்டியலிலும் முதலிடம், ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலிலும் முதலிடம். பட்டியல்காரர்களுக்கே பிரிக்கத் தெரியாத பாட்டை நாம் ஏன் பிரிக்க வேண்டும்? எல்விஸின் பதிவு வேகம் நிறைய, விளையாட்டுக் குறைவு. இதில் ஜெரி லீயை அவர் ஜெயிக்கவில்லை.

தேறாத பாட்டு உண்டா?

'ஸ்னோபேர்ட்'. இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் பாட்டாக வைக்க வேண்டிய பாட்டில்லை. அதைக் கேட்டு, இது ஏதோ மென்மையான சமாச்சாரம் போல என்று எழுந்து போனவர்கள் உண்டு. 'இட்ஸ் யுவர் பேபி' சுமார்.

வயலின் கூட்டமும் கோரஸும் அதிகமாக இருக்கிறதே?

அவற்றில் பெரும்பகுதி ஸ்டுடியோ பி-யில் அன்றிரவு இல்லாதவை. வாத்தியக்காரர்களும் எல்விஸும் சேர்ந்து நேரடியாகப் பதிவு செய்தவற்றின் மேல், பிற்பாடு வயலின், பித்தளை வாத்தியம், கோரஸ் எல்லாம் பூசினார்கள். அன்றைய வழக்கம் அது. 'மேக் தி வேர்ல்ட் கோ அவே' பாட்டுக்கு அந்தப் பூச்சு பொருந்துகிறது, மற்ற சிலவற்றில் கழுத்தை நெரிக்கிறது.

பூச்சில்லாமல் கேட்க வழி உண்டு. 2020-இல் 'ஃப்ரம் எல்விஸ் இன் நாஷ்வில்' என்று நான்கு குறுந்தட்டுத் தொகுப்பு வந்தது. 1970 நாஷ்வில் பதிவுகளை, மேற்பூச்சு எதுவுமில்லாமல் ஒலிப்பொறியாளர் மாட் ராஸ்-ஸ்பாங் புதிதாகக் கலவை செய்திருக்கிறார். பேஸும் டிரம்ஸும் முன்னால் வந்து உட்காருகின்றன, நடுவே துண்டுப்பாட்டும் இல்லை. அசல் ஆல்பமே வேண்டுமென்றால் 2012-இல் 'லவ் லெட்டர்ஸ்' ஆல்பத்தோடு ஜோடியாக வந்த லெகசி பதிப்பு போதும். என் சிபாரிசு: முதலில் அசலை ஒரு முறை, பிறகு 2020 தொகுப்பு. தலைகீழாகச் செய்தால் அசலுக்குத் திரும்ப மனம் வராது.

அட்டையில் இருக்கும் குழந்தை யார்?

எல்விஸேதான். தொப்பியும் கோணல் உதடுமாக, டூபெலோ காலத்தில் எடுத்த படம். லாஸ் வேகாஸில் அரங்கு நிறைத்துக்கொண்டிருந்த நட்சத்திரத்தின் ஆல்பத்துக்கு ஏழைக் குடும்பத்துக் குழந்தைப் படத்தைப் போட்டது அன்றைக்குத் துணிச்சலான முடிவு. அவருடைய எழுபதுகளின் அட்டைகள் பெரும்பாலும் மேடையில் மைக் பிடித்த போஸ்; அடுக்கிவைத்தால் எது எந்த ஆல்பம் என்றே தெரியாது. இதை மட்டும் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

விற்றதா?

நன்றாகவே. அமெரிக்காவில் பில்போர்ட் இசை இதழின் பொது ஆல்பப் பட்டியலில் 12-ஆம் இடம், கன்ட்ரி ஆல்பப் பட்டியலில் 6, பிரிட்டனிலும் 6. முன்னோட்டமாக 1970 டிசம்பரில் வந்த சிங்கிளில் ஒரு பக்கம் 'ஐ ரியலி டோன்ட் வான்ட் டு நோ', மறுபக்கம் 'தேர் கோஸ் மை எவ்ரிதிங்'. அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 21 வரை போனது. தங்கத்தட்டுச் சான்று மட்டும் 1977-இல், அவர் இறந்த பிறகு வந்தது.

ராக் அண்ட் ரோல் பாடகர்களில் இப்படிச் செய்தவர் இவர் மட்டும்தானா?

முதலாமவர்கூட இல்லை. எவர்லி சகோதரர்கள் 1958-லேயே அப்பா சொல்லிக்கொடுத்த பழம்பாட்டுகளை வைத்து ஓர் ஆல்பம் போட்டார்கள். ஜெரி லீ லூயிஸ் 1968-இல் 'அனதர் பிளேஸ், அனதர் டைம்' மூலம் கன்ட்ரிக்கே குடிபோய்விட்டார், அதன் பிறகு அவருடைய பிழைப்பே அதில்தான். எல்விஸ் குடிபோகவில்லை. இந்த ஒரு ஆல்பத்தைத்தான் கன்ட்ரி என்று பெயர் சொல்லி எடுத்தார்.

அப்படியானால் கன்ட்ரி உலகம் அவரை ஏற்றுக்கொண்டதா?

வாடிக்கையாளர்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டார்கள். எழுபதுகளின் நடுவில் அவருடைய ஆல்பங்கள் பொதுப் பட்டியலைவிடக் கன்ட்ரிப் பட்டியலில்தான் மேலே நின்றன. நாஷ்வில்லின் கன்ட்ரி இசைப் புகழ்க்கூடம் 1998-இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் 1986-இல், தன் முதல் வரிசையிலேயே சேர்த்திருந்தது. ஸ்டுடியோ பி இப்போது அந்தக் கன்ட்ரிப் புகழ்க்கூடத்தின் ஏற்பாட்டில் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. நாஷ்வில் போகிறவர்கள் புகழ்க்கூடத்திலேயே சீட்டு வாங்கிப் போய்ப் பார்க்கலாம்.